வெந்நீர் அண்டா

எங்கள் வீட்டில் வெந்நீருக்குக் கணக்கு உண்டு. அப்பாவுக்கு ஆறு செம்பு, அண்ணன்களுக்கும் தம்பிக்கும் ஐந்தைந்து, எனக்கு நான்கு. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டால் எனக்கும் ஆறு. பெரிய அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவருக்கு இரண்டு செம்பு என்று அம்மா முடிவு செய்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அண்டாவுக்குள் செம்பை விடும் உரிமை அம்மா ஒருத்திக்குத்தான் இருந்தது.

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று, எங்களுடையது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தில் நிற்கிற தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகிப்போகும். லைனுக்குப் பொதுவான குழாயில் விடிகாலையில் கை வைத்தால் விரல் விறைத்து, அப்புறம் எரியும். அந்தத் தண்ணீர் ஒரு வாளிக்கு இரண்டு செம்பு வெந்நீர் கலந்தால் தண்ணீரின் கடுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அண்ணி அதில் குளித்துவிட்டு, சோறு கட்டிக்கொண்டு, ஏழரை மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டும். பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். சிலோனிலிருந்து எங்கள் ஆட்களோடு கப்பலேறி வந்த சொல் அது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பெரியம்மா பெரிய அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி மாமியாரப் பாத்துக்கிற மருமக கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். என்ன இருந்தாலும் உன்ன மகளாட்டம் வச்சிருந்தா, அதான் செய்யிற" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டு இலை எடுக்கப் போய்விட்டார். மகளாக வைத்திருந்தது என்னைத்தான். மகளுக்கும் மருமகளுக்கும் நடுவே எத்தனை செம்பு வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். அதனால் நான்தான் எழுத வேண்டும்.

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. அந்த மீதியையும் 1974-ல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தைப் பிரிப்பது மாதிரி ஆட்களைப் பிரித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது ஒரே லைனில், அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பான், தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருப்பான். அம்மா கல்யாணமாகிப் போன வீடு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பிறந்த வீடு அங்கேயே இருந்துவிட்டது.

1974-ல் கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அம்மாவுக்கு 22 வயது. இடுப்பில் பெரிய அண்ணன். கூடவே அப்பாவும் அப்பத்தாவும். ஊரைப் பற்றி அம்மா அதிகம் பேசமாட்டாள். ஒரே ஒரு தடவை, நான் பத்தாவது படிக்கும்போது, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "கோச்சி நகருது, எங்கம்மா ஜன்னலப் புடிச்ச கைய விடல. கூடவே ஓடி வருது. வெரல ஒவ்வொண்ணா நான்தான் எடுத்துவிட்டேன்." அதற்கு மேல் சொல்லவில்லை. நெருப்பைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்ற அரசு நிறுவனமானது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் என்று அந்தப் பக்கமெல்லாம் நிறைய எங்கள் ஆட்கள். என் அப்பாவுக்குக் கோத்தகிரி பக்கம் தனியார் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அம்மாவும் கூடை மாட்டினாள். பேர்தான் தாயகம் திரும்பியது, ஊரில் எங்களைக் கூப்பிட்டது சிலோன்காரர்கள் என்று. சொந்தம் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க ஒரு திண்ணைகூட இல்லாத இடத்தில் அம்மா குடும்பம் நடத்தினாள்.

அப்பத்தா அம்மாவைப் படுத்திய பாடு தனிக் கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதினால் படிப்பவர்கள் "ஓ, அதனால்தான்" என்று சமாதானம் ஆகிவிடுவார்கள்.

வெந்நீர்க் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் அடுப்புக்கு விறகு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள், அதாவது மிலார். வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அம்மா காட்டுக்குள் போய் மிலாரைச் சேர்த்துக் கட்டித் தலைச்சுமையாகத் தூக்கி வருவாள். மேட்டுப் பாதை. மழை நாளென்றால் கட்டு இரண்டு மடங்கு கனக்கும். ஒரு கட்டு மூன்று நாளைக்கு வரும். ஆறு பேர் குளிக்க வேண்டும், சோறு வேக வேண்டும். அதனால் அண்டாவில் இருக்கும் ஒவ்வொரு செம்பும் அவள் கழுத்து தூக்கிய கனம். அந்தக் கணக்கைப் போட அவளுக்கு உரிமை இருந்தது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அண்ணி வந்த பிறகு விறகு தூக்கியது அண்ணி. 2007-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச காஸ் அடுப்பும் வந்துவிட்டது. அப்போதும் அண்ணிக்கு இரண்டு செம்புதான்.

பெரிய அண்ணிக்குச் சேரம்பாடி. அவர்களும் சிலோனிலிருந்து வந்தவர்கள்தான். பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், அம்மா கையைப் பார்த்தாள். காபி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வலது கையை எடுத்துத் திருப்பி, ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் தடவிப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, ஓரங்களில் கீறல் கீறலாக வெடித்த விரல்கள். "சரி, முடிச்சிரலாம்" என்று அங்கேயே சொல்லிவிட்டாள். அண்ணிக்கு 20 வயது. தன் கையைப் பிடித்துப் பார்த்த அந்த அம்மாவைப் பார்த்து அவர் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிரியமாகத்தான் தொடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

விரலைப் பார்த்ததற்குக் காரணம் வீடு. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது அப்போது தோட்டத்தின் பொறுப்பாக இருந்தது. ஆனால் தொழிலாளி என்ற பெயர் போனால் வீடும் போகும். அப்பாவுக்கு நெஞ்சு வலி, அம்மாவுக்கு முட்டி வலி. அண்ணன்கள் இரண்டு பேரும் தோட்ட வேலைக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். நாளைக்கு வேலையிலிருந்து நின்றால் எங்கே போவது? செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், இந்த வீட்டுப் பெயரை வைத்திருக்க ஒரு கை வேண்டும். அந்தக் கையைத்தான் அம்மா சேரம்பாடியில் தேடிப் பிடித்தாள். ஒரு தடவை ஊரை விட்டுக் கிளப்பப்பட்டவளுக்கு அந்தப் பயம் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த வீட்டைக் காப்பாற்றப்போகிறவளை அதே வீட்டில் கடைசி ஆளாக வைத்தாளே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சம்பள நாளன்று அண்ணி கவரை உடைக்காமல் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அம்மா எண்ணி, சேலை முடிச்சில் பாதி, தகரப் பெட்டியில் பாதி வைத்துப் பூட்டுவாள். அது சிலோனிலிருந்து வந்த பெட்டி. சாவி இடுப்பில். அண்ணிக்கு அதிலிருந்து ஒரு இருபது ரூபாய் கிடைக்கும். சோப்பு, தேங்காயெண்ணெய் எது வேண்டும் என்றாலும் அதற்குள்தான். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பல வருடம் கழித்துப் படித்தேன். அடிப்பதை மட்டுமல்லாமல் வார்த்தையால், மனதால், பணத்தால் செய்யும் கொடுமையையும் அந்தச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. என் அம்மா ஒருநாளும் மருமகள்கள் மீது கை வைத்ததில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. டிவி சீரியல் மாமியார் மாதிரி கத்துகிறவளாக இருந்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி வந்த 1997-ல்தான் நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன். போக 30, வர 30 என்று தினமும் 60 கிலோமீட்டர் பஸ். பஸ்ஸுக்கும் பீஸுக்கும் பணம் அந்தத் தகரப் பெட்டியிலிருந்து வந்தது. அப்பா சம்பளம் பாதி நாள் மருந்துக்கே போனது. அண்ணன்கள் கொடுத்தது கொஞ்சம். மீதி எல்லாம் அண்ணியின் கவர். "அப்போ எனக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு" என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். என் வயதுக்கும் அண்ணி வயதுக்கும் இரண்டு வருடம்தான் வித்தியாசம்.

ஒரு தை மாதம். 1999-ஆக இருக்கும். நல்ல பனி. அண்ணிக்கு அன்று மாதவிலக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளிக்கும் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா அவர் வாளியில் இரண்டு செம்பு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நான் என் வாளியிலிருந்து இரண்டு செம்பு மொண்டு அண்ணி வாளியில் ஊற்றினேன். அண்ணி கண்ணைப் பெரிதாக்கிக் கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். அம்மா பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் எனக்கு வழக்கம்போல நான்கு செம்பு ஊற்றினாள். அண்ணிக்கு ஊற்றவே இல்லை. அண்டாவை மூடிவிட்டாள். அண்ணி குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் விறகுக் கட்டை இறக்கிவிட்டு என்னிடம், "வேணாம் பாப்பா, இனிமே குடுக்காத" என்றார்.

நான் அதற்குப் பிறகு கொடுக்கவில்லை. அம்மாவிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. நான்கு செம்பில் நன்றாகக் குளித்துவிட்டுக் காலேஜுக்குப் போனேன்.

சின்ன அண்ணி 2003-ல் வந்தார். காரமடைப் பக்கம், சமவெளிப் பெண். அவர் அப்பாவுக்கு ஒரு ஏக்கர் கறிவேப்பிலை. எப்போது அப்பா பார்க்க வந்தாலும் மஞ்சப்பை நிறையக் கறிவேப்பிலை வரும், வீடே மணக்கும். மலைக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி பிறந்தால் வீசிங் வந்துவிடும். இவருக்கும் இரண்டு செம்பு என்று நான் சொல்லாமலே தெரிந்திருக்கும். ஆனால் அம்மா மருமகள்களிடமிருந்து எடுத்துக்கொண்டதிலேயே பெரியது வெந்நீர் இல்லை, பணம்கூட இல்லை. பிறந்த வீடு.

அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்டால் "பாக்கலாம்" என்பாள். போவதற்கு முந்தின நாள் ஏதாவது வேலை முளைக்கும். போனாலும் ஒரு ராத்திரி, கெஞ்சினால் இரண்டு. பெரிய அண்ணிக்குத் தலைப்பிரசவமே கோத்தகிரி ஆஸ்பத்திரியில்தான். "சேரம்பாடிக்குப் போய் என்ன, அங்க டாக்டருங்க வரிசையா நிக்கிறாங்களா?" என்றாள் அம்மா. பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எனக்கு ஒரு படுகர் தோழி இருந்தாள். அவர்களில் வரதட்சணை வாங்கும் பழக்கம் கிடையாது. ஒத்துவராவிட்டால் பெண் கிளம்பித் தன் ஹட்டிக்கே போய்விடலாம், மறுகல்யாணமும் செய்துகொள்ளலாம், அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. அதை ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு எதிர்த்த மலையில அப்பன் வீடு இருக்கு, போவாங்க" என்றாள். அந்தப் பதிலில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2009 நவம்பர் மாதம் நீலகிரிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. குன்னூர், ஊட்டி, கேத்தி, கோத்தகிரி என்று மலை பல இடங்களில் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை சின்ன அண்ணிக்குப் போன் வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்று. சின்ன அண்ணி அம்மா முன்னால் போய் நின்றார். மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "திங்கக்கிழம பாக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை மழை கொட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய் விடியும்போது பாதையே இல்லை. மண்ணும் மரமும் ரோட்டை மூடிக் கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. சின்ன அண்ணியின் அப்பா செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்துபோனார். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. என் சின்ன அண்ணனும் அண்ணியும் பாதி தூரம் நடந்து, பாதி தூரம் கிடைத்த வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி நான் அப்போது மேட்டுப்பாளையத்தில் இருந்தேன். காரமடை எனக்குப் பத்து நிமிடம். அந்த வீட்டுத் திண்ணையில் சின்ன அண்ணி வந்து இறங்கியபோது நான் அங்கே இருந்தேன். அவர் அழவில்லை. வாசலில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் சட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதையே செய்துகொண்டிருந்தார்.

பாதை சரியானதும் மேலே போய் அம்மாவிடம் முதல் தடவையாகச் சண்டை போட்டேன். எனக்கு 30 வயது. "சனிக்கிழமையே விட்டிருந்தா அப்பா முகத்தைப் பாத்திருப்பாங்கல்ல?" என்று கத்தினேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா செத்ததுக்கு எனக்கு லெட்டர்தான் வந்துச்சு. அதுவும் ஒன்றர மாசம் கழிச்சு. எனக்குப் படிக்கவும் தெரியாது. மறுநாளு நான் கொழுந்துக்குப் போனேன்."

என்னால் பதில் பேச முடியவில்லை. அம்மாவுக்காக எனக்கு அழுகை வந்தது. ஜன்னலில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட அந்த 22 வயதுப் பெண்ணுக்காக இன்றைக்கும் வருகிறது. அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தனக்கு இல்லாத ஒன்றைத் தன் வீட்டுக்கு வந்த பெண்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டு, கறிவேப்பிலை வாசனையோடு திரும்பி வருவதை அவளால் தாங்க முடியவில்லை. இதை நான் புரிந்துகொண்டேன். ஆனால் நான் புரிந்துகொண்டதால் சின்ன அண்ணிக்கு என்ன கிடைத்தது? அவர் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் போட்டது சின்ன அண்ணியா? கோச்சியை ஓட்டியது சின்ன அண்ணியா?

அடுத்த மாதமே சின்ன அண்ணனும் அண்ணியும் மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து சின்ன அண்ணி அந்த லைன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. வாரம் ஒருமுறையாவது நாங்கள் பார்த்துக்கொள்வோம். "அம்மாவ வந்து பாரு அண்ணின்னு மட்டும் சொல்லிராத பாப்பா" என்று ஒருநாள் கேட்டுக்கொண்டார். நான் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் சொல்லும்போது வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய அண்ணன் நல்லவர், குடிக்கமாட்டார், அண்ணியைத் திட்டமாட்டார். அண்ணி ஏதாவது சொன்னால், "அம்மா கொணம் தெரியும்ல, அனுசரிச்சுப் போ" என்பார். சின்ன அண்ணனும் அதையேதான் சொன்னார், மாமனார் சாகும் வரை. எங்கள் வீட்டு ஆண்கள் சொன்ன ஒரே புத்திமதி அனுசரிச்சுப் போ. அதை ஒரு தடவையாவது யாராவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா இரண்டு நாள் சாப்பிடமாட்டாள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த இரண்டு நாளுக்குப் பயந்து இரண்டு பெண்களின் வருடங்களைக் கொடுத்துவிட்டோம்.

தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். அங்கேயே கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள். முதல் பொங்கலுக்கு வந்தபோதே பைக்குள் ஒரு ஹீட்டர் கம்பி கொண்டு வந்திருந்தாள். வாளியில் போட்டு, பிளக்கில் சொருகி, தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் குளித்துவிட்டு, "அண்ணி, உங்களுக்கும் போடட்டா?" என்று என்னைக் கேட்டாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சம்பளம் அவள் கையில், அவள் வாடகை வீடு திருப்பூரில். அம்மா சொல்லி அங்கே என்ன நடக்கப் போகிறது? அன்று பெரிய அண்ணி அந்தக் கம்பியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்த வாரம் நான் ஒன்று வாங்கி அனுப்பினேன். அண்ணி வந்து 14 வருடம் கழித்து.

2021-ல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, ஆனால் புரியும். அவளைப் பார்த்துக்கொள்வது பெரிய அண்ணி. காலையில் துடைத்து, சோறு ஊட்டி, கொழுந்துக்குப் போய், மத்தியானம் ஓடி வந்து துணி மாற்றி, மறுபடி போய்... சாவி இப்போது அண்ணியிடம். தகரப் பெட்டியில் பழைய குடும்ப அட்டையும் இரண்டு சேலையும்தான் இருக்கின்றன.

பெற்றோர் பராமரிப்புக்கு 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அதில் பிள்ளைகள் என்று சொல்லியிருப்பது மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. நான் இருக்கிறேன். ஆனால் வீட்டு வழக்கப்படி எல்லாமே மருமகள் தலையில். அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மகள் வீட்டில் உயிர் போகக்கூடாது என்று அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். சரி, நான் போகலாம் அல்லவா? சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆரம்பத்தில் போனேன், வந்தேன், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அதையே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அம்மாவைக் குளிப்பாட்டியபோது கூட நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வெந்நீரை ஊற்றினார். அதே அண்டா, அதே செம்பு. ஊற்றிக்கொண்டே இருந்தார். அம்மாவின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பதினைந்து செம்புக்கு மேல் இருக்கும். நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவைப் படுக்க வைத்த பிறகு அண்ணியிடம் கேட்டேன், எத்தனை ஊத்துனீங்க என்று. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எண்ண மாட்டேன் பாப்பா. எண்ணுனா ரெண்டோட நிறுத்தத் தோணும்."

அண்ணி அம்மாவை மன்னித்துவிட்டார் என்று யாரும் எழுதவோ பேசவோ வேண்டாம். அவர் அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "வாயைத் தொறங்க." "இந்தப் பக்கம் திரும்புங்க." அவ்வளவுதான். கோபத்தை வைத்துக்கொண்டே செய்கிறார். அதற்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது. மகளாக வைத்திருந்தாள், அதனால் செய்கிறாள் என்று அந்தப் பெரியம்மா சொன்னது, அண்ணி பட்டதை எல்லாம் இல்லை என்று ஆக்கிவிடுகிற பேச்சு.

போன மே மாதம் ஆபீசில் இரண்டு வாரம் லீவு போட்டேன். அண்ணியிடம், நீங்கள் சேரம்பாடிக்குப் போங்கள், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நம்பவில்லை. மாத்திரையை, துணியை, கஞ்சியைப் பற்றி மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். பைக்குள் இரண்டு சேலை வைத்தார். நான் இன்னும் நான்கு எடுத்து வைத்தேன். சேரம்பாடியில் அவர் அம்மா, தம்பி வீட்டோடு இருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணி அங்கே தொடர்ந்து தங்கியது அதிகபட்சம் மூன்று ராத்திரி. ஒரு வாரம் இருந்துவிட்டு வரும் புதன்கிழமை திரும்புவதாகப் பேச்சு.

முதல் நாளே அம்மா கேட்டாள், "அவ எங்க?" சேரம்பாடி போயிருக்காங்க என்றேன். இரண்டாம் நாள், "எப்ப வருவா?" மூன்றாம் நாளும் அதே கேள்வி. இரவெல்லாம் தூக்கம் இல்லாமல் எனக்கு உடம்பு முறிந்துபோயிருந்தது. நான்கு வருடமாக அண்ணி இதைச் செய்துவிட்டுப் பகலில் கூடையும் தூக்குகிறார் என்பது உடம்பில் ஏறிய பிறகுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

நான்காம் நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கோடை மழை. அம்மா இரண்டு வாய் வாங்கிவிட்டு நிறுத்தினாள். குழறிக் குழறிக் கேட்டாள்: "அவளுக்கு... அம்மா இருக்காளா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இருக்காங்கம்மா. எம்பது வயசாச்சு. கண்ணுதான் சரியா தெரியலையாம்."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கட்டும்" என்றாள். அவள் அம்மா இருக்கட்டும் என்றாளா, அண்ணி அங்கே இருக்கட்டும் என்றாளா தெரியவில்லை. மீதிக் கஞ்சியைக் குடிக்கவில்லை.

ராத்திரி அண்ணிக்குப் போன் செய்து அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மழைச் சத்தமும் ஒரு வயதான குரல் யார் போனில் என்று கேட்பதும் கேட்டது. "அவர் தங்கச்சிம்மா" என்று அண்ணி பதில் சொன்னார். அப்புறம் என்னிடம், "லீவு இன்னும் இருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

இருக்கு என்றேன்.

"அப்போ புதன்கிழம வேணாம். ஞாயித்துக்கிழம வரேன்."